எட்டு நாள் அயோடின்

தீவு நகரமான ஹோபார்ட்டில் நல்ல சாமான் எது வேண்டுமென்றாலும் அது விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டும். மூடுபனி விழுந்தால் அதுவும் இல்லை. இங்கே பிறந்தவர்களுக்குக் காத்திருப்பது பழகிப்போனது. பேராசிரியர் ராஸ் ஹாட்ரல் மெல்பர்னில் பிறந்தவர். அவருக்கு அது பழகவே இல்லை.

நான் நெவில் ப்ரெஸ்னஹன். பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் ஒரு அதிகாரி, அதனால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஆராய்ச்சிக்கு வேண்டிய கதிரியக்கச் சரக்கை வாங்குவது என் உரிமத்தின் பேரில். ஒரு ஆய்வகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுவதும் என் அனுமதியோடுதான். பெட்டி வந்ததும் ஆய்வகத் தலைவர் என்னைக் கூப்பிட வேண்டும். நான் கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு போய், கசிவு இல்லை என்று சொன்ன பிறகு திறக்க வேண்டும். விதி இவ்வளவுதான். ஒரு போன். அதைச் செய்வதற்குள் அவர்களுக்கு விரல் ஒடிந்துவிடும்.

ராஸின் ஆய்வகத்துக்கு வருவது அயோடின். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆகவே பெட்டி கீழ்த்தளத்தில் இறங்கியதுமே அவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கேட்டால், “உனக்காக நான் காத்திருப்பேன் நெவ், அயோடின் காத்திருக்குமா?” என்பார். ஒருமுறை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனைக்காரர்கள் கொஞ்சம் கேட்டார்கள் என்று ஒரு குப்பியைப் பிஸ்கட் டப்பாவில் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தேநீர் அறையில் எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டேன்.

“ஒண்ணும் ஆகலையேப்பா. பிஸ்கட்டுக்குத்தான் வேற டப்பா தேட வேண்டியதாப் போச்சு” என்றார். அறையே சிரித்தது.

என் கருவி போடும் சத்தத்தை வைத்து எனக்கு ‘டிக்டிக்’ என்று பெயர். “டிக்டிக் வர்றாரு, பாக்கெட்ல இருக்கறதையெல்லாம் வெளிய எடுத்து வைங்க” என்று யாராவது சொல்வார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். டீனிடம் பலமுறை முறையிட்டேன். “கொஞ்சம் அனுசரிச்சுப் போ நெவ், அவரால நமக்கு எவ்வளவு பேரு” என்றார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட, ஒரே ஒரு தடவைகூட, பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டதில்லை. மனுஷனுக்கு எரிச்சல் வராதா, சொல்லுங்கள்.

அந்த ஜூலை மாதக் காலையில் சிட்னியிலிருந்து சரக்கு அனுப்பியவர் போன் செய்தார்.

“இந்தத் தடவை அனுப்புன அயோடின்ல மூடி சரியில்ல சார். இங்க ரெண்டு குப்பி கசிஞ்சிருச்சு. உங்களுதைத் தொறக்க வேணாம்னு சொல்லிருங்க.”

சொல்கிறேன் என்று நன்றி கூறிவிட்டு வைத்தேன். மாடிக்குப் போய் அதைச் சொல்வது பெரிய வேலையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் ஓடிப்போய்க் காப்பாற்றுவேன். ராஸ் “நல்ல வேளை” என்பார். அடுத்த வாரம் மறுபடியும் பிஸ்கட் டப்பா. பட்டால்தான் தெரியும் சிலருக்கு. யாருக்கும் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கருவியை எடுத்து மேசைமேல் தயாராக வைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கூப்பிட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

ராஸ்தான் திறப்பார் என்று நினைத்ததாக முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ராஸ் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும்.

திறந்தவள் ஜனீன் பைபஸ், அவருடைய ஆராய்ச்சி உதவியாளர். பேறுகால விடுப்பு முடிந்து அந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுப்பதாக அவளாகவே வந்து என்னிடம் சொல்லியிருந்தாள், அதுவும் விதிதான். அயோடின் மூச்சோடு உள்ளே போனால் கழுத்துச் சுரப்பியில் போய் உட்காரும், தாய்ப்பாலிலும் இறங்கும் என்று நானே படம் வரைந்து விளக்கினேன். மூடி நன்றாக இருந்தால் பயமில்லை என்றும் சொல்லியிருந்தேன்.

மதியம் அவள் கணவன் குழந்தையைக் கொண்டுவந்தான். வண்டி நிறுத்துமிடத்துப் பெஞ்சு என் ஜன்னலிலிருந்து தெரியும். நல்ல வெயில். அவள் கோட்டைக் குழந்தைமேல் போர்த்திப் பால் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம்தான். அந்த நேரத்தில் அவளுக்கு அயோடின் சுரப்பியில் ஏறாமல் தடுக்கும் ஒரு மாத்திரையும் குழந்தைக்குப் புட்டிப்பாலும் போதுமாக இருந்திருக்கும். ஆனால் அப்போது சொன்னால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். என் சங்கடத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

மறுநாள் சிட்னிக்காரர் மறுபடி கூப்பிட்டபோது அலுவலகத்துப் பெண் எடுத்துவிட்டாள். அப்படித்தான் எல்லாம் வெளியே வந்தது. ஜனீனின் கழுத்தருகே கருவியை வைத்தேன், பிறகு குழந்தையின் கழுத்தருகே. இரண்டு இடத்திலும் சத்தம் போட்டது.

“எவ்வளவு நாளைக்கு நெவ்?” என்று கேட்டாள்.

எட்டு நாளில் பாதி என்றேன். அவள் கேட்டது குழந்தையைப் பற்றி என்பது பிறகுதான் புரிந்தது. வளர்ந்து பெரியவளாகும்வரை வருடாவருடம் அந்தக் கழுத்தில் கட்டி தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்களாம்.

இன்னொரு திருத்தமும் உண்டு. யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்றேன் அல்லவா. அன்று காலை, சிட்னி போன் வந்து கொஞ்ச நேரம் கழித்து, ஜனீன் பெட்டியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள்.

“நெவ், ராஸ் இன்னிக்கே தொறந்து வேலைய ஆரம்பின்னு போன்ல சொல்றாரு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்.”

“ராஸைக் கேக்கச் சொல்லும்மா” என்றேன். “தலைவர்தான் கேக்கணும்.”

“அவரு காய்ச்சல்ல படுத்திருக்காரே.”

“படுத்துக்கிட்டே உனக்குப் போன் பண்ணினாருல்ல? எனக்கும் பண்ணட்டும்.”

பெட்டியோடு படியேறிப் போனாள். அவள் கேட்டாள் என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள், அவள் கேட்டது கேட்டதில் சேராது.