பரமநாதன் கேட்ட இரண்டு கேள்விகள்

உங்கள் பொலிஸ் கந்தோரில் தேத்தண்ணீர் நன்றாகப் போடுகிறார்கள், ஐயா. இந்த மழைக்கு இதமாக இருந்தது.

என் கணவர் பரமநாதன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம், நீரிழிவு, பழையது. மறதி அறுபத்தெட்டு வயதில் வந்தது. அது எனக்குச் சிரிப்பையும் தந்தது. விடிந்ததும் கேற்றடியில் நின்று, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று கூவுவார். பால்காரர் சைக்கிளில் இருந்தபடியே கையால் கொடி காட்டிவிட்டுப் போவார்.

எண்பத்து மூன்று ஜூலையில், கண்டியில் தமிழரைத் தேடி அடித்தபோது, அந்தக் கூவல் ஆபத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் குணவதி எங்களைத் தன் பின்னறையில் ஒளித்து வைத்தாள். தெருவில் தடியோடு ஆட்கள் போகிறார்கள். இவர் கொடிகாமத்துக்கு ரயில் விடுகிறார். அன்று குணவதியால் சாப்பாடு கொண்டுவர முடியவில்லை. நான் வழக்கம்போலச் சீனி வருத்தத்துக்கான குளிசை மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்து, பேச்சுக் குழறி, சுருண்டு படுத்தார். ஆட்கள் போனபின் சீனித் தண்ணீர் பருக்கினேன். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டொக்டர் இராஜரத்தினம் என்னை ஏசினார்.

"சாப்பிடாமல் குளிசை குடுக்கவே கூடாது, அம்மா. மறதிக்காரருக்கு இன்னும் கவனம். தலை சுத்துதெண்டு சொல்லவும் அவருக்குத் தெரியாது."

அளவையும் பாதியாகக் குறைத்தார். மிக விளக்கமாகச் சொன்னார். நான் எதையும் மறக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது.

"லீலா, நான் சாப்பிட்டனானோ?"

"ஓம், சாப்பிட்டிட்டியள்."

"குளிசை போட்டனானோ?"

"இன்னும் இல்லை. இந்தாங்கோ."

உடனே கையை நீட்டுவார். நான் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

முதலில் தெருவில் சத்தம் கேட்ட நாட்களில் மட்டும் அடுப்பு மூட்டாமல் இப்படிச் செய்தேன். பிறகு வெள்ளிக்கிழமைகளில். விரத நாளில் அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவர் படுத்ததும் கோயிலுக்குப் போவேன். அங்கிருந்து சிநேகிதி புஷ்பத்தோடு பேராதனைப் பூங்காவுக்கு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஐஸ்கிரீமை அவசரமில்லாமல் தின்றேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, ஐயா. திரும்பி வந்து சீனித் தண்ணீர் பருக்குவேன். அவர் எழும்பிச் சிரிப்பார். இருவருக்கும் நல்ல நாள்.

போன மாதம் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். புசல்லாவையில் தன் மகள் வீட்டுக்கு இரண்டு நாள் வரும்படி புஷ்பம் கூப்பிட்டாள். நான் சேலை மடிப்பதற்குள் அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கொடுத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புசல்லாவையில் நல்ல வெயில். புஷ்பத்தின் பேத்தி எனக்குக் கரம் போர்ட் விளையாடப் பழக்கினாள்.

மறுநாள் மாலை வந்து சீனித் தண்ணீர் கரைத்தேன். வாய் ஓரத்தால் வழிந்துவிட்டது. இன்னும் நாலு கரண்டி போட்டுப் பார்த்தேன்.

அன்று கண்டியில் ஏதும் குழப்பம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. கடைகள் திறந்திருந்தன. ஊரடங்கு எடுத்து மூன்று வருடமாகிறது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் காலம் இன்னும் சரியில்லையே, ஐயா. அவரைக் கடைசிவரை அந்தத் தடிக்காரக் காடையர் கையில் விடாமல் காப்பாற்றியவள் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.