நெற்றிக் காசு

— புளி போட்டு வெளக்குனீங்களாம்மா?

— ஆமா சார். ஆவுடையார்கோவில்லேருந்து பஸ் ஏறி வாரோம், கருப்பாக் குடுத்தா நல்லாருக்காதேன்னு...

— கெடுத்தீங்க போங்க! வெள்ளிக் காசுக்கு அந்தக் கருப்புதாம்மா மதிப்பு. சரி, தாங்க. விக்டோரியா குயீன், 1862. எம்ப்ரஸ்னு போட்டது இதுக்குப் பின்னாடி வந்தது. பாருங்க, கன்னம் தேஞ்சிருச்சு, சடைப் பின்னல் மழுங்கிருச்சு. நடுத்தரம்தான். விளிம்புல வேற யாரோ அரத்தால கீறியிருக்காங்க.

— எங்கப்பாதான் சார். ரெண்டு காசு வச்சிருந்தாரு, மாறிறக் கூடாதுன்னு ரெண்டுலயும் கீறுனாரு. நான் விக்க வரல. புதுக்கோட்டையில பழைய காசுன்னா ஆரோக்கியதாஸ் கடைக்குத்தான் வரும்னாங்க. இதுக்கு ஜோடி வந்துச்சா?

— அது எங்கிட்டுப் போச்சு?

— தை மாசம் அப்பா தவறிட்டாரு. "அத நெத்திக் காசா வச்சு என்னோடயே எரிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநா காடாத்தப் போனவுங்க, சாம்பல்ல காசு இல்லேன்னு வந்து நிக்கிறாங்க.

— அடடா.

— சுடுகாட்டுல வேலை பாக்குற வீரய்யாவ ஊரு முன்னாடி நிக்க வச்சுக் கேட்டுப்புட்டேன் சார். அண்ணன் நாகராசும் பக்கத்துல நின்னு, "சும்மா விடாத, நல்லாக் கேளு"ன்னாரு. அந்த மனுசன் மடிய ஒதறிக் காமிச்சுட்டு, குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாரு. அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அவருதான் எடுத்தாருன்னு தெரிஞ்சாலாவது மனசு ஆறும்.

— இருங்கம்மா... இந்தா, இதப் பாருங்க. பின்னல்ல ஒவ்வொரு இழையும் எண்ணலாம். பொழங்காத காசு. ஆனா விளிம்புல...

— அதே கீறல்!

— பின்னலுக்குள்ள செவப்பா அப்பியிருக்கு, பாத்தீங்களா? குங்குமம். பூசையில வச்ச காசுன்னு நெனச்சுக் கிரேடைக் கொறச்சுட்டேன்.

— பூசையில இல்ல சார். சந்தனத்துல கொழச்சு, அப்பா நெத்தியில நான் ஒட்டுனது. கொண்டாந்தது வீரய்யாதான? ஒசரமா, நரைச்ச முடி கழுத்து வரைக்கும் தொங்குமே?

— முடியா? வந்தவரு மொட்டைம்மா. மீசையும் இல்ல. "என்ன, பழனிக்கா?"ன்னு கேட்டேன், சிரிக்கக்கூட இல்ல.

— மொட்டையா? மீசையும் இல்லாமயா?

— என்னம்மா? ஒக்காருங்க, தண்ணி தாரேன்.

— தண்ணி வேணாம். அப்பாவுக்குக் கொள்ளி வச்சு மொட்டை போட்டது எங்கண்ணன் ஒருத்தருதான் சார்... திருப்பூர் பஸ்ஸு எங்கிட்டு நிக்கும்?