கரண்ட் போன பிறகும் படம் சொன்ன பவானி அக்கா

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எபனேசர் ஐயா அவர்களே, மேடையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் பவானி அக்காவின் கணவர் முத்துராஜா அவர்களே, திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நான் சேக் பரீத். உத்தமபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். நம் கோடைத் திரைவிழாவுக்குப் புரொஜெக்டர் போடுகிறவன். மைக் எப்போதும் அக்கா கையில்தான் இருக்கும். இன்று என் கைக்கு வந்திருக்கிறது. அலுப்பாக இருக்கிறது. துக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வருவது அலுப்புதான்.

செவிலியர் பவானி! எத்தனை பிரசவம் பார்த்த கை அது! கோட்டயத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கே ஒரு திரைப்படச் சங்கத்தில் உலகப் படங்களைப் பார்த்தவர். விருது வாங்கிய பழைய படங்கள். இந்தக் காமயகவுண்டன்பட்டிக்கு வேலை மாறி வந்ததும் என் கடைக்கு வந்து கேட்டார்: “தம்பி, மே மாசம் சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக்கூடம் சும்மாதான கெடக்கு? நல்ல படமாப் போடுவமா?”

“நம்ம சனத்துக்கு அந்தப் பாஷை புரியுமாக்கா?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

இருந்தார். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று ஜப்பான்காரர் பேசுவதையும் ஈரான்காரர் பேசுவதையும் நம் ஊர்ப் பேச்சில் சொன்னார். கிழவனுக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல். ஒரு படத்தில், மகனைத் தேடிப் போன தாய் கடற்கரையில் நின்றுகொண்டே இருக்கிறாள். ஒரு வாரம் விடாமல் படத்துக்கு வரும் நம் பஞ்சம்மாள் பொறுக்காமல் சத்தம் போட்டார்: “ஏத்தா, அவுக என்ன சொல்றாக?” அக்கா மைக்கிலேயே சொன்னார்: “ஒண்ணும் சொல்லல ஆத்தா. சும்மா நிக்கிறாக. நாமளும் செத்த சும்மா இருப்போம்.” கூடமே அமைதியானது. அந்த அமைதியை நீங்கள் மறந்திருப்பீர்களா?

அந்த இன்னொரு சனிக்கிழமையையும் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ணைக்காரரின் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளும் கதை. எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் கதைதான். பாதிப் படத்தில் யாரோ மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் நாலைந்து பேரோடு வாசலை மறித்து நின்றார். பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை.

“இந்த மாதிரிப் படமெல்லாம் இங்கன வேணாம்மா. பொம்பளப் புள்ளைக பாக்குதுக.”

அக்கா சண்டை போட்டாரா? இல்லை! “சரிண்ணே, படம் நின்னு போச்சு. வந்த சனம் பாதிக் கதையோட போகக் கூடாது. மிச்சத்த வாயால சொல்லி அனுப்பிச்சிடுறேன். நீங்களும் உக்காருங்க” என்றார்.

இருட்டில் சொல்லத் தொடங்கினார். மைக் இல்லை, திரை இல்லை. அந்தப் பெண் கையில் ஒரு பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வருகிறாள், அப்பா குறுக்கே நிற்கிறார் என்கிற இடத்தில் தொண்டை வறண்டு நிறுத்தினார். வாசல் பக்கமிருந்து அதே பெரியவரின் குரல் கேட்டது: “அந்தப் புள்ளையோட அப்பன் என்ன சொன்னாரு?”

“அவுக ஒண்ணும் சொல்லலண்ணே. கதவத் தொறந்து விட்டாக. அம்புட்டுத்தான்.”

சற்று நேரத்தில் விளக்கு வந்தது. மெயினை ஏற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் படத்தை விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது! வேறு இடமா கிடைக்கவில்லை? மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்தபோது குரல் போய், வெறும் காற்றுதான் வந்தது. போன கோடையில் அவர் எழுதிக் கொடுத்த வசனத்தை நான் வாசித்தேன். பஞ்சம்மாள் எழுந்தார்: “ஏன்யா, ரேஷன் கடையில பேர் கூப்புடுற மாதிரியா படிப்பீக?” அக்கா சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வாரம் ஆள் குறைந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. கிரிக்கெட் ஒரு பக்கம், கைக்குள்ளேயே போனில் படம் ஒரு பக்கம். கூடத்தைப் பெருக்கிப் பூட்டும்போது, யாருக்காக இதெல்லாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: “முடியலக்கா. இந்த வருசம் விட்டுருவோம்.” கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் வரச் சொல்லி, காதருகே அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்: “ஆள் கொறஞ்சா நாற்காலியக் கொறச்சுப் போடு தம்பி.” காப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, பதில் சொல்லாமலே வந்தேன்.

நேற்று முன்தினம் அக்கா போய்விட்டார்.

இந்த இடத்தில் ‘அவர் விட்ட பணியைத் தொடர்வோம்’ என்று உரத்த குரலில் சூளுரைப்பது மேடை வழக்கம். என்னிடம் உரத்த குரல் இல்லை. மயானத்திற்கு எடுத்துப் போன பிறகு, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “சனிக்கிழம படம் உண்டுல்ல?”

“உண்டும்மா” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் யோசித்துச் சொல்கிறேன்: உண்டு! இந்தச் சனிக்கிழமை மாலை, இதே சமுதாயக்கூடத்தில். வசனத்தை நான்தான் வாசிப்பேன். மோசமாகத்தான் வாசிப்பேன். உங்களில் யாருக்காவது அதைக் கேட்கப் பொறுக்கவில்லை என்றால், எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.