கத்தி கிடைத்துவிட்டது

பெயர் நீலா, வயது ஐம்பத்து நான்கு, கணவர் பெயர் விஸ்வநாத், முகவரி குஷாய்குடா, ஹைதராபாத். வீட்டிலேயே சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். தெலுங்கு தெரியும், பதற்றத்தில் வாயில் வரவில்லை; அதனால் தமிழ் தெரிந்த ஏட்டு ரகுநாதன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

என்னிடம் வேலை பார்க்கும் சந்தானம், மல்காஜ்கிரியில் வளர்ந்தவர், சிறையில் சமையல் பயிற்சி முடித்தவர். நன்னடத்தைக்காகத் தண்டனை குறைத்து விடப்பட்டவர். புதிதாக ஒரு வழக்கு வந்தால் மறுபடி உள்ளே போகவேண்டியதுதான். அங்கே கைதிகளை வேலைக்குத் தயார்செய்யும் சௌம்யா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டேன். நல்ல கைமணம். வேலை முடிந்ததும் கத்திகளைத் துடைத்து என் முன்னால் வரிசையாக வைப்பார். அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னால், "நக்கோ, வேணாம் அக்கா, நீங்க ஒரு தடவை பாத்துருங்க" என்பார். நான் தலையாட்டும்வரை நகரமாட்டார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

இன்று காலை ஒரு நிச்சயதார்த்த ஆர்டர். காய் நறுக்கி முடித்தபோது ஒரு கத்தி குறைந்தது. அவசரத்தில் நான், "கத்தி கிடைக்காம இங்கேர்ந்து யாரும் போகக்கூடாது" என்றேன். பாதி அதட்டல், பாதி கேலி. யாரும் கேட்காமலே சந்தானம் தன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டும் காலி. நான் சாம்பாரைப் பார்க்கப் போனேன். அதன்பின் திரும்பியபோது ஆள் இல்லை. செருப்பும் போனும் இருந்தன.

அதன்பின் எனக்குப் பயம் பிடித்து, ஜெயிலில் இருந்தவர் கத்தியோடு போய்விட்டார் என்று போலீசுக்குப் போன் செய்தேன். காலிப் பைகளைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

அதன்பின் காய் நறுக்க வரும் லலிதாம்பாள் பூசணித் தோலைக் கொட்டும்போது அதற்குள்ளிருந்து கத்தி விழுந்தது. அதன்பின் சௌம்யாவைக் கூப்பிட்டேன். "அங்க ஒரு கத்தி குறைஞ்சா எல்லாரையும் நிக்கவெச்சு சோதனை போடுவாங்க ஆன்ட்டி. வெளியில இதெல்லாம் இருக்காதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்" என்று அழுதாள்.

இப்போது ரோந்து வண்டிகள் கத்தியோடு ஓடிய ஆளைத் தேடுவதாக ஏட்டு சொல்கிறார். காக்கிச் சட்டையைக் கண்டால் அவர் ஓடுவார். பார்க்கிறவர்கள் தயவுசெய்து கத்தி கிடைத்துவிட்டது என்று முதலில் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் திருத்த ஒன்றுமில்லை. காலையில் போனில் சொன்னதைத்தான் திருத்தவேண்டும்.

(ஒப்பம்)
நீலா விஸ்வநாத்