மூன்றாவது காயில்

காரில் மிஸ்ஸிங் வந்தால், அதாவது இன்ஜின் விக்கி விக்கி ஓடினால், எல்லோரும் முதலில் பெட்ரோல் பங்க்கைத்தான் திட்டுவார்கள். தண்ணீர் கலந்துவிட்டான் என்பார்கள். முப்பத்தொரு வருஷமாகச் செஞ்சியில் பட்டறை வைத்திருக்கிறேன் சார். நூறு வண்டியில் ஐந்தில்கூட அது காரணமாக இருந்ததில்லை.

என் மகள் கலைமதியும் பெட்ரோலைத்தான் குறை சொன்னாள். போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் தெருவில் சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு வந்த முதல் பெண் அவள்தான்.

"மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல நைனா. வேகமா அழுத்துனா மட்டும் ஜெர்க் அடிக்குது. லாரிய ஓவர்டேக் எடுக்கவே பயமா இருக்குது. பெட்ரோல்தான் சரியில்லபோல" என்றாள்.

அனந்தபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். நிற்கும்போது இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தியதும் வண்டி விக்கியது, மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னியது. திரும்பி வந்து மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன். கோளாறும் கூடவே இடம் மாறியது. கழற்றிப் பார்த்தால் காயிலின் கழுத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். பிளக்கில் பொறி விழக் கரண்ட் கொடுப்பது காயில்தான் சார். மெதுவாகப் போகும்போது அந்த விரிசல் ஒன்றும் செய்யாது. அழுத்தும்போது இன்ஜினுக்குள் அமுக்கம் கூடும், பொறிக்குப் பலம் அதிகம் வேண்டும். அப்போது கரண்ட் விரிசல் வழியாகப் பக்கவாட்டில் ஓடிவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புது காயில் விழுப்புரத்தில் கிடைக்கும். அது வரும்வரைக்கும் தாங்கட்டும் என்று விரிசல்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். அதில் தப்பு எதுவும் இல்லை. எல்லோரும் செய்வதுதான்.

கைகழுவிவிட்டு வீட்டுக்குள் போனேன். என் மனைவி தைலம்மாள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கலைமதி வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள், பொங்கலுக்கும் அவள் அம்மா நினைவு நாளுக்கும். நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு வேலை இருந்தது, பிள்ளை இருந்தது. ஆனால் வண்டியைக் காட்ட வந்த அன்றைக்கு வீடு பெருக்கியிருந்தது. மீன்குழம்பு கொதித்தது. என் பேத்தி எழில் என் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, "சரியாயிட்டுதா நைனா?" என்று கேட்டாள்.

காயில் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இப்பக்கிப் பாத்து உட்டிருக்கேன். இன்னான்னு புடிபடல. மறுபடியும் அடிச்சிதுன்னா கொண்டா" என்று வந்தது.

மூன்று வாரத்தில் கொண்டுவந்தாள்.

இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும் சார். நான்கு சுற்று சுற்றினால் மூன்று வாரம் தாங்குகிறது. மூன்று சுற்று என்றால் இரண்டு வாரம். புரட்டாசியிலிருந்து நான் மூன்று சுற்றுதான் சுற்றினேன். ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது, அப்போதும் வந்தாள். எழில் பட்டறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஸ்பேனர் நம்பரெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மருமகன் பீமாராவ் தங்கமான பையன். ஒரு தடவை அவரும் வந்தார். "மாமா, கம்பெனி சர்வீஸ்ல ஒருவாட்டி காட்டிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அங்க உட்டா முழுசாப் பிரிச்சிப் போட்டுடுவானுங்க மாப்ள. என் கைக்கு ஆம்புடாதது அவனுங்க கைக்கு இன்னா ஆம்புடப் போவுது?" என்றேன்.

சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். என்மேல் அவ்வளவு மரியாதை.

ஓவர்டேக் எடுக்காதே என்று கலைமதியிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு. எழிலுக்குக் காய்ச்சல் என்று பீமாராவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டிருக்கிறாள். திண்டிவனம் வந்ததும் போன் செய்தாள்.

"நைனா, இன்னிக்கி ரொம்ப ஜெர்க் அடிக்குது. இங்க ஒரு மெக்கானிக் கடை தொறந்து இருக்குது. காட்டிட்டு வரட்டா?"

"வேணாம்மா. கறி எடுத்து வெச்சிருக்கேன். வந்துடு."

"சரி நைனா" என்றாள்.

அந்த மெக்கானிக் யாராக இருந்தாலும் கழற்றிய உடனே டேப்பைப் பார்த்திருப்பான். யார் சுற்றியது என்று கேட்டிருப்பான்.

செஞ்சி ரோட்டில் அவளுக்கு முன்னால் கரும்பு டிராக்டர் போயிருக்கிறது. எதிரே வந்த பஸ் நல்ல தூரத்தில்தான் இருந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அந்தத் தூரத்தில் எந்தக் காரும் தாண்டிவிடும். அவள் வலப்பக்கம் ஏறி அழுத்தியிருப்பாள். வண்டி விக்கியிருக்கும். பயத்தில் இன்னும் அழுத்தியிருப்பாள். அழுத்த அழுத்த அந்த வண்டி இன்னும் விக்கத்தான் செய்யும்.

பஸ் டிரைவர் துரைக்கண்ணுமேல் கேஸ் போட்டிருக்கிறீர்கள். வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்களாம். அந்த மனுஷன் பிரேக் பிடித்த தடம் நாற்பதடிக்கு ரோட்டில் இருந்தது, நான் அடி வைத்து அளந்தேன். அவர்மேல் தப்பு இல்லை. நேற்று அவர் சம்சாரம் என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். நான் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் விட்டுவிடுவார்களா என்று கேட்டாள். என் மகளுக்காக அவளும் அழுதாள். அதனால்தான் வந்தேன்.

நொறுங்கிய வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்னால்தான் நிற்கிறது. மூன்றாவது காயிலைக் கழற்றச் சொல்லுங்கள், டேப் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நான் சுற்றியது. கோளாறு எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே பதின்மூன்று தடவை அப்படியே அனுப்பினேன்.

ஆனால் ஒன்று சார். புது காயிலை ஆடி மாதமே வாங்கிவிட்டேன். பட்டறை பீரோவில் இருக்கிறது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பீமாராவுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். காரியத்துக்கு வந்தபோது எழில் என் மடியைவிட்டு இறங்கவே இல்லை. இனிமேல் அவளை அடிக்கடி கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அவர் அண்ணன் தன்னுடைய பழைய காரைக் கொடுத்திருக்கிறாராம். பழைய வண்டி சார், ஏதாவது கோளாறு வரத்தான் செய்யும். வந்தால் வேறு எங்கும் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.