மூச்சு விட டாக்டர் கையெழுத்து

அடையாறில் பேருந்தில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த மாமி, பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

"அப்பாடா! தண்ணிக்கு அடியில நன்னா மூச்சு விடலாம்னு டாக்டர் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டார்."

மாமியின் மடியில் எக்ஸ்ரே கவர் இருந்தது.

"மூச்சு வாங்குமான்னு படகுக்காரன் ஃபார்ம்ல கேட்டிருந்ததுக்கு நீ எதுக்கு ஆமான்னு போட்டே?"

"திருப்பதி படி ஏறறச்சே வாங்கித்தே! பெருமாள் விஷயத்துல பொய் எழுதச் சொல்றேளா?"

"அதனாலதான் படகுக்காரன் உன் இடத்தை நிறுத்தி வச்சுட்டான்."

"இனிமே குடுத்துடுவான். அந்தமான்ல ஒரு வாரம் படகுலேயே தூங்கி எழுந்து, தெனமும் காத்து சிலிண்டரை மாட்டிண்டு கடல்ல குதிச்சுப் பவளப்பாறை பார்க்கப்போறோம். ஒரு வருஷமா நீச்சல் கத்துண்டது வீண் போகலை. ஆமா, நீங்க ஃபார்ம்ல என்ன போட்டேள்?"

"எல்லாத்துக்கும் இல்லைன்னுதான்."

"காதுல பிரச்னை உண்டான்னு கேட்டிருந்தானே?"

"அதுக்கும் இல்லைன்னுதான்."

மாமி திரும்பிப் பார்த்தார். ஜன்னல் காற்றுக்குப் பயந்து மாமா இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"ஆழத்துல காது என்ன பாடு படும் தெரியுமோ? எறங்குங்கோ, டாக்டர் இன்னும் இருப்பார். அவர் வேண்டாம்னுட்டா நீங்க படகுலேயே உக்காந்துக்கலாம். நான் மட்டும் குதிக்கறேன்."

"குதிக்காமலே வரலாமா?"

"பேஷா வரலாம்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ!"

பேருந்து நிற்பதற்குள் மாமா படிக்கட்டுக்குப் போய்விட்டார். டாக்டரைப் பார்க்க அவ்வளவு ஆசையாக ஓடிய ஆளை நான் கண்டதில்லை.