பாட்டில் தெளிகிற வரை

— எடுய்யா லாரியை! வாசல்ல கொண்டாந்து நிறுத்துறதுக்கு இது என்ன கல்யாணக் காரா? ஊரு கக்கூஸையெல்லாம் சுமக்கிற லாரி!

— காலி லாரிங்க, வீட்டுக்காரம்மா. உள்ள ஒரு சொட்டு கிடையாது.

— காலியா இருக்கும்போதே இந்த மணம்! நெறஞ்சா தெருவே மயங்கி விழும். அது என்னய்யா வீட்டுக்காரம்மா? பால்காரர்லேர்ந்து போஸ்ட்மேன் வரைக்கும் என்னை அக்காங்கிறாங்க. உனக்கு மட்டும் வாய் வலிக்குதோ?

— எனக்குக் கூடப் பொறந்த அக்காவே ரெண்டு பேருங்க. அதுவே தாங்கல. மாடியில இருக்கிற லேப் மேடத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க.

— அவளுக்கு இன்னிக்கு லீவு. தலைக்குக் குளிச்சு முடி காய வெச்சுக்கிட்டிருக்கா. வாரம் பூரா ஊரு சாக்கடைத் தண்ணியைச் சோதிச்சுட்டு, லீவு நாள்லயும் அதே பேச்சா?

— அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன், படியில. அண்ணே, போன்லயே சொன்னேன்ல? குடுக்க முடியாதுன்னா முடியாது! ஒரு வாளி கூடக் கிடையாது!

— மேடம், கத்தாதீங்க மேடம்.

— கத்துவேன்!

— இரு, இரு. எனக்கெதுக்கு வம்பு. ஆனா எதை இவன் கேட்டு, எதை நீ குடுக்க மாட்டேங்கிறே?

— ஸ்லட்ஜ்க்கா. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற எங்க பிளான்ட்டுத் தொட்டியில இருக்கிற சேறு. ஒரு லாரி வேணுமாம்.

— சேறா? சேத்துக்கா இந்தச் சத்தம்? நான் என்னமோ பாகப் பிரிவினைன்னு நெனச்சு அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தேன்!

— அது சும்மா சேறு இல்லக்கா. அதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு, கணக்கே இல்லாம. அதுங்கதான் அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்குது. புதுசா ஒரு பிளான்ட்டு ஆரம்பிச்சா பழைய எடத்துலேர்ந்து கொஞ்சம் கொண்டுபோய்ப் போடணும். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி.

— உறைன்னு வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு இல்லைன்னு சொல்லுவாங்களா யாராவது? எந்தப் புது பிளான்ட்டு?

— மலையடிவாரத்துல கட்டினாங்களே, அதுங்க வீட்டுக்காரம்மா.

— ஓஹோ... காத்துக்காரர் மாத்தலாகிப் போன எடமா!

— அக்கா!

— நான் ஒண்ணுமே சொல்லலம்மா. தொட்டிக்கெல்லாம் காத்தடிக்கிற புளோயர் மெஷினைப் பாத்துக்கிட்ட மனுஷன், அதனால காத்துக்காரர். தெனம் உன்னை இந்த கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம திரும்பிப் போன மனுஷன். இதெல்லாம் தெருவுக்கே தெரிஞ்சதுதானே.

— தெருவுக்கு யாரு சொன்னா?

— நான்தான் சொன்னேன். பின்ன வேற யாரு சொல்லுவா?

— மேடம், மொதல்ல இந்த பாட்டிலை வெக்கிறதுக்கு ஒரு எடம் காட்டுங்க. அவரு குடுத்து விட்டது. அங்க தொட்டியில எடுத்த தண்ணி. "பாரு, எப்படிக் கெட்டுப் போச்சுன்னு காட்டு, சமமான எடத்துல வை, அரை மணி ஆட்டாதே"ன்னு பத்து தடவை சொல்லி அனுப்பினாரு.

— அய்ய! என் காம்பவுண்டு சுவத்துலயா? செம்பருத்திக்குப் பக்கத்துலயா? தள்ளு, நான் எடுத்துக் கீழ...

— தொடாதீங்க!

— அக்கா, தொடாதீங்க!

— எப்பா! ரெண்டு பேரும் ஒரே குரல்ல. கொழந்தை தூங்குதாக்கும்!

— வழியெல்லாம் குலுங்கியிருக்குக்கா. பேசாம நிக்க விட்டா சேறு அடியில எறங்கும், தண்ணி மேல நிக்கும். எப்படி எறங்குதுன்னு பாத்துதான் தொட்டி நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுவோம்.

— இப்ப காப்பித்தண்ணி மாதிரி இருக்கு.

— அதாங்க, அங்க எதுவுமே பிடிக்கலையாம். சேறு எறங்காம மெதக்குதாம், நுரை தள்ளுதாம். "நம்ம பழைய தொட்டி சேறு வந்தாத்தான் பொழைக்கும், அவங்க கையில வளந்தது"ன்னு மனுஷன் ஒரே பொலம்பல்.

— அப்படியா சொன்னாரு? "அவங்க கையில வளந்தது"ன்னு?

— சொன்னாருங்க.

— இங்கேருந்து போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமாண்ணே? லேப் வாசல்ல வந்து நின்னாரு. பை தோள்ல. நானும் எழுந்து நின்னேன். "ரெண்டாவது புளோயருக்கு பெல்ட்டு மாத்தச் சொல்லுங்க"ன்னாரு. போயிட்டாரு. அவ்ளோதான். இத்தனை வருஷம் ஒரே மைக்ராஸ்கோப்ல மாத்தி மாத்திக் கண்ணை வெச்சுப் பாத்ததுக்கு, பெல்ட்டு!

— அவரு அப்படித்தாங்க. வாய் திறந்தா மெஷின்தான் வரும்.

— இப்பயும் பாருங்க, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல. சேறு வேணுமாம். அவருக்கு என் சேறுதான் வேணும். என்கிட்ட கேக்க வேற ஒண்ணுமே இல்லையா?

— அதானே! எனக்கெதுக்கு வம்பு, இருந்தாலும் சொல்றேன் டிரைவரே. இவ தெனம் சாயங்காலம் பால்கனியில வந்து நிப்பா. துணி காயப் போட இல்ல, எடுக்க இல்ல. மூக்கைத் தூக்கிக்கிட்டு நிப்பா. என்னடின்னு கேட்டா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கிறேன்கிறா. மலைப் பக்கத்துலேர்ந்து அடிச்சா அன்னிக்கு ரெண்டு வாய் சோறு கூடுதலா எறங்கும்.

— அக்கா, போதும்.

— லேப்புல இன்னொரு ஸ்டூல் கெடக்காம். புதுசா வந்த பையன் உக்காந்தானாம், எழுப்பி விட்டுட்டாளாம். கால் ஆடுதுன்னு சொன்னாளாம். கால் ஆடல டிரைவரே. எனக்குத் தெரியும்.

— அது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— பையனோட அம்மாவும் நானும் ஒரே கடையிலதான் காய் வாங்குறோம்.

— வீட்டுக்காரம்மா, போன மாசம் இந்த மூலையில இன்னொரு செம்பருத்தி இருந்துச்சே, வெள்ளை. எங்க காணோம்?

— பட்டுப் போச்சு. தண்ணி பத்தல. ஆமா, நீ எப்பய்யா அதைப் பாத்தே?

— கேபின் உசரங்க. சுவத்துக்கு உள்ள தெரியும். தண்ணி ஏன் பத்தல? வாசல்லயே ஊதாக் குழாய் போட்டுக் குடுத்திருக்காங்களே. சுத்தம் பண்ணின தண்ணி, செடிக்குன்னே விடுறது.

— அந்தக் குழாயைத் தொறக்கவே மாட்டேன். ஊரே குளிச்சுக் கழுவி விட்ட தண்ணி என் செடிக்கா? எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்த பிறகு எனக்குன்னு இருக்கிறது இந்தத் தெருவும் நாலு தொட்டிச் செடியும்தான். அதுல ஒண்ணு செத்தா சாவட்டும்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— சரி சரி, உருகாதேய்யா. இந்தா, உன் பாட்டிலைப் பாரு. காப்பி போயி, மேல கண்ணாடி மாதிரி நிக்குதே! அந்தப் பக்கத்து வீட்டுக் கதவு தெரியுதுடி இதுக்குள்ள. இதுதான் கெட்டுப் போன தண்ணியா? என் வீட்டு மேல்தொட்டியைத் தொறந்து பாத்தா இதைவிட மோசமா இருக்கும்.

— தள்ளுங்கக்கா. நான் பாக்கிறேன்.

— என்னம்மா? ஏன் உக்காந்துட்டே? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— அண்ணே.

— சொல்லுங்க மேடம்.

— இது எந்தத் தொட்டித் தண்ணி?

— அங்க... அவரு குடுத்ததுங்க.

— இவ்ளோ அழகா எறங்கின ஸ்லட்ஜை நான் பாத்ததே இல்ல. நிறம் பாருங்க. ஓரம் பாருங்க, கத்தியால வெட்டின மாதிரி. இது நல்லா சாப்பிட்டு, நல்லாத் தூங்குற தொட்டி. பொய்யா சொல்றீங்க?

— பொய் நான் சொல்லல மேடம். சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன்.

— அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கா?

— எப்பவோ தெளிஞ்சிடுச்சுங்க. பார்க்குக்கு அந்தத் தண்ணிதான் போவுது, ஃபேக்டரிக்குப் போவுது, கட்டடம் கட்டுறவன் வரிசையில நிக்கிறான். நான் லாரி கழுவுறதே அதுலதான். கெட்ட தண்ணியா ஒரு பாட்டில் பிடிச்சுக் குடுங்கன்னுதான் நானும் சொன்னேன். சாக்கடையிலேர்ந்து மொண்டாருங்க. கொட்டிட்டாரு. இன்னொண்ணு மொண்டாரு, அதையும் கொட்டிட்டாரு. "இதையா அவங்க கண்ணுல காட்டுறது"ன்னாரு. கடைசியில இதைப் புடிச்சுக் குடுத்தாரு.

— அடப்பாவி மனுஷா! நோயாளின்னு சொல்லிட்டுக் குஸ்தி பயில்வானை அனுப்பி வெச்சிருக்கான்!

— கெட்டதை அனுப்ப அவருக்குக் கை வரலக்கா.

— அப்போ சேறு எதுக்காம்?

— சேறு தனியாப் போகாதுங்க, வீட்டுக்காரம்மா. மூடி வெச்சா செத்துப் போயிடும். வழியெல்லாம் காத்தடிச்சுக்கிட்டே போவணும். பாத்துக்கத் தெரிஞ்சவங்க யாராவது கூட உக்காந்து வரணும்.

— அழறியா? இவ்ளோ நாளா அழாதவ இப்ப ஏண்டி அழறே?

— அண்ணே, லாரியை பிளான்ட்டுக்கு ஓட்டுங்க. ஸ்லட்ஜ் ஏத்தணும்.

— அதான் தேவையே இல்லையே மேடம்?

— கேட்டாருல்ல? கேட்டதைக் குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு. அக்கா, என் ஈரத் துண்டு கொடியில கெடக்கு. எடுத்து வெச்சிடுங்க.

\* \* \*

— மறுபடியும் என் வாசல்லயேவா? ஹாரன் வேற! செவிடாப் போயிட்டேன்னு நெனச்சியா?

— மோந்து பாத்துச் சொல்லுங்க வீட்டுக்காரம்மா. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கேன்.

— ம். சோப்பு வாசனைதான் வருது. சரி, அங்க என்ன சேதி? எனக்கெதுக்கு வம்பு, இருந்தாலும் ஒண்ணு விடாமச் சொல்லு.

— கல்யாணம் ஆயிடுச்சுங்க, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நான் ஒரு சாட்சி. மேடத்துக்கு அங்கயே மாத்தல் கெடச்சாச்சு. புளோயர் ரூமுக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ். அந்தச் சத்தம் இல்லாட்டி ரெண்டு பேருக்கும் தூக்கம் வராதாம்.

— அது கெடக்கட்டும். அன்னிக்கு லாரியிலேர்ந்து எறங்கினதும் என்ன பேசிக்கிட்டாங்க? அதைச் சொல்லு.

— "ரெண்டாவது புளோயருக்கு பெல்ட்டு மாத்தியாச்சா?"ன்னு கேட்டாரு. "மாத்தியாச்சு"ன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் அழுதாங்க.

— நல்ல ஜோடி! இனி அந்த வீட்டுல கொழந்தை பொறந்தா அதுக்கும் ஒரு பெல்ட்டு மாட்டுவாங்க... என்ன சிரிக்கிறே? எனக்குச் சிரிப்பு வரல. மேல காலடிச் சத்தமே இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு. 'மாடி வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டியிருக்கேன், பாத்தியா? வர்றவனெல்லாம் மலைப் பக்கம் ஜன்னல் இருக்கான்னு கேக்கவா போறான்?

— செம்பருத்தி தழைச்சிருக்கே.

— ஊதாக் குழாயைத் தொறந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே. ஏய், அது என்ன, சுவத்துல இன்னொரு பாட்டில்? மாடியிலதான் யாருமே இல்லையே?

— மாடிக்கு இல்லைங்க.

— சேறும் இல்ல, ஒண்ணும் இல்ல, மொத்தமும் தெளிஞ்ச தண்ணி. லாரியும் காலி. பின்ன எதுக்குய்யா வந்தே? மலைக்குப் போற பைபாஸ் தொறந்து வருஷமாச்சு. நீ ஏன் இந்த முட்டுச் சந்துல நுழைஞ்சு, ரிவர்ஸ் எடுக்க முடியாம...

— பைபாஸ்ல திட்டுறதுக்கு ஆள் இல்லைங்க.

— என்ன?

— ஹாரன் அடிச்சா நீங்க வெளிய வந்து திட்டுவீங்க. கேபின்லேர்ந்து பாப்பேன். அன்னிக்குப் பூரா அது போதும்.

— ...

— கோவமா? நீங்க இப்படிப் பேசாம நின்னு நான் பாத்ததே இல்ல.

— இருய்யா. இந்தத் தெருவுல எந்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எனக்குத் தெரியாதது கெடையாது. என் வாசல்லயே ஒரு லாரி நிக்குது, அது மட்டும் தெரியாமப் போச்சே.

— அரை மணி வேணா நின்னு பாக்குறேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.

— இதுல எறங்குறதுக்கு என்ன இருக்கு, அதான் தெளிஞ்சு கெடக்கே. முன் சீட்டைத் தொடைச்சியா?

— ரெண்டு தடவை.

— செம்பருத்தித் தொட்டியை மடியில வெச்சுக்கிறேன். நீ அந்தப் போர்டைக் கழட்டி, 'மாடி'ங்கிறதை அழிச்சிட்டு 'வீடு'ன்னு எழுது.